என்.கே. செல் ரிப்போர்ட்: பயப்படுவதற்கும் பணம் கட்டுவதற்கும் முன்

லேப் ரிப்போர்ட்டில் 'சிடி3 நெகட்டிவ், சிடி16/56 பாசிட்டிவ்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு சதவீதம். வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுநோய் செல்களையும் கொல்லும், என்.கே. செல்கள் எனப்படும் இயற்கைக் கொல்லி செல்களின் கணக்கு அது. ரத்தத்தில் ஓடும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணு வகையில் இவை சுமார் 5 முதல் 15 சதவீதம். 18 என்று வந்தால் எதிர்ப்பு சக்தி எகிறிவிட்டது, 4 என்று வந்தால் உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை என்று அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

சதவீதம் என்பது மற்ற லிம்போசைட்டுகளையும் சேர்த்த கணக்கு. அவை குறைந்தாலே இது கூடும். லேபுக்கு நேரமாகிவிட்டதென்று நாலு மாடி ஓடி ஏறிப் போய்க் கையை நீட்டினாலும் கூடும். அட்ரினலின் சுரந்ததும் ரத்தக்குழாய்ச் சுவர்களை ஒட்டியிருந்த என்.கே. செல்கள் ரத்த ஓட்டத்தில் இறங்கிவிடும். ஓய்வெடுத்ததும் எண்ணிக்கை இறங்கிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அவை வேலை செய்கின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்கு அந்தச் செல்களை கே562 என்ற புற்றுநோய் செல்களோடு சேர்த்துவிட்டு, எத்தனை சாகின்றன என்று பார்ப்பார்கள். ரத்தம் புதிதாக இருக்க வேண்டும். கூரியரில் ஒரு ராத்திரி கிடந்த சாம்பிள் தரும் விடையை அப்படியே நம்ப முடியாது.

'என்.கே. செல்லை பூஸ்ட் செய்யும்' பொடிகளையும் மாத்திரைகளையும் எடைபோட, என்.கே. செல் எதைப் பார்த்துத் தாக்குகிறது என்று தெரிந்தால் போதும். நம் செல்கள் அனேகமாக எல்லாமே மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற புரதத்தைத் தாங்கியிருக்கும். அதைத் தொட்டதும் என்.கே. செல் அடங்கிவிடும். லிம்போசைட்டுகளில் இன்னொரு வகையான டி செல்களின் கண்ணில் படாமலிருக்க வைரஸ் புகுந்த செல்லும் புற்றுநோய் செல்லும் பல நேரம் அந்தப் புரதத்தையே மறைத்துவிடும். அந்த இல்லாமையைத்தான் என்.கே. செல் கவனிக்கிறது. 1980-களில் ஸ்வீடனில் கிளாஸ் கார்ரே முன்வைத்த கருத்து இது. ஆனால் இல்லாமை மட்டும் போதாது. சிவப்பணுக்களில் எச்.எல்.ஏ. இல்லையென்றே சொல்லலாம், அவற்றை யாரும் கொல்வதில்லை. பாதிக்கப்பட்ட செல் மிக்கா போன்ற ஆபத்துப் புரதங்களையும் காட்டியாக வேண்டும். தடுக்கும் சைகை, தூண்டும் சைகை இரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் முடிவு. இதில் எதை 'பூஸ்ட்' செய்வதாகச் சொல்கிறார்கள் என்று விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள்.

குழந்தையின்மை சிகிச்சையில் நடப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்ணிடம், 'உங்க என்.கே. செல் அதிகமா இருக்கு, அது கருவைத் தாக்குது' என்கிறார்கள். அடுத்து ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், சோயா எண்ணெயில் செய்த இன்ட்ராலிப்பிட் டிரிப். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கருப்பை உட்சுவரின் வெள்ளையணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதம் என்.கே. செல்கள் என்பது உண்மைதான். ஆனால் அவை வேறு ரகம், கொல்வதில் மந்தம். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாயும்படி தாயின் சுருள் தமனிகள் அகலத் துணைபோவதே அவற்றின் வேலை. அவை அளவுக்கு மீறி அடக்கப்படும் மரபணுச் சேர்க்கை உள்ள கர்ப்பங்களில்தான் ப்ரீஎக்ளாம்ப்சியா என்ற ரத்த அழுத்தக் கோளாறு கூடுதலாக வருகிறது என்று கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட்டின் குழு காட்டியது. அதாவது, சொல்லப்படும் கதைக்கு நேர்மாறு. கை நரம்பில் எடுத்த ரத்தம் கருப்பைக்குள் நடப்பதைச் சொல்லாது. இந்த டெஸ்டையும், இதற்கென்று இன்ட்ராலிப்பிட் ஏற்றுவதையும் பரிந்துரைக்க முடியாது என்று ஐரோப்பிய கருவள மருத்துவர் சங்கமான எஷ்ரே 2023இல் சொல்லிவிட்டது.

இந்தச் செல்கள் பலவீனமானால் தொற்று வரும், அவ்வளவுதானே என்று நினைப்பதும் தவறு. எச்.எல்.எச். என்ற நோயின் ஒரு பரம்பரை வகையில், எதிரிச் செல்லில் துளைபோடும் பெர்ஃபோரின் என்ற புரதம் பழுதாகியிருக்கும். கொல்ல வேண்டியதைக் கொன்று முடிக்க முடியாமல் என்.கே. செல்களும் டி செல்களும் அதையே பிடித்துக்கொண்டு அழற்சிச் சைகைகளைக் கொட்டிக்கொண்டேயிருக்கும். விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், ரத்தத்தில் ஆயிரக்கணக்கில் ஏறும் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம். இப்படிப்பட்ட குழந்தைக்கு எதிர்ப்பு சக்தி மருந்து கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய். டெங்குவுக்குப் பிறகும் சிலருக்கு எச்.எல்.எச். வருவதுண்டு.

புற்றுநோய்க்கு 'என்.கே. செல் தெரபி' என்று விளம்பரம் பார்த்தால், எந்தச் செல், யாருடையது, எந்த ஆய்வின் கீழ் என்று கேளுங்கள். ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 11 பேரில் 8 பேருக்குப் பலன் தெரிந்தது. அந்த என்.கே. செல்கள் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்து, புற்றுநோய் செல்லை அடையாளம் காணவைக்கும் 'கார்' (CAR) என்ற செயற்கை ஏற்பியின் மரபணுவைப் புகுத்தி, குறிப்பிட்ட ரத்தப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கப்பட்டவை. நம் ரத்தத்தையே எடுத்து வளர்த்துத் திருப்பி ஏற்றுவதற்கு அந்த முடிவைக் காட்டி விலைபேசக் கூடாது. புற்றுநோய் வராமல் தடுப்பதாகச் சொல்லி அப்படி ஏற்றிக்கொண்டவர்கள் ரத்தத்தில் கிருமி பரவி ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 2024இல் டோக்கியோவில் நடந்தது.

உண்மையிலேயே இந்த டெஸ்ட் தேவைப்படுகிறவர்கள் கொஞ்சம் பேர். 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதிய ஒரு பதின்வயதுப் பெண்ணின் கதை அதற்கு முன்மாதிரி: உயிருக்கே உலை வைத்த சின்னம்மை, பிறகு சைட்டோமெகலோ வைரஸ், பிறகு ஹெர்பிஸ், ரத்தத்தில் என்.கே. செல்லே இல்லை. இவை மூன்றும் சேர்ந்த ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒருவரை இப்படி மாற்றி மாற்றிப் படுக்கவைத்தால் நோய் எதிர்ப்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் எண்ணிக்கையோடு நிற்காமல் செயல்திறனையும் பார்ப்பார். உடம்பு தேறிய பிறகு இன்னொரு முறையும் ரத்தம் எடுப்பார்.