கோட்டு இல்லாமல் கப்பல் ஏறலாமா? ஒரு மதுரைத் தையல்காரரின் யோசனைகள்

கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியாகிவிட்டதென்றால், பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக நம் ஆட்களைத் தூங்கவிடாத விஷயம் 'ஃபார்மல் நைட்', அதாவது எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வரும் இரவு. டிராவல்ஸில் கொடுக்கும் தாளில் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நேராக என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் கேட்டார்: "ஏம்ப்பா, கோட்டு போடாமப் போனா சோறு போட மாட்டாய்ங்களா?" "போடுவாய்ங்க சார், எந்த ஹால்ல உக்கார வச்சுப் போடுவாய்ங்கங்கறதுதான் விஷயம்" என்றேன்.

அப்பா காலத்திலிருந்து எங்களுக்குப் புதுமண்டபத்தில்தான் தையல் கடை. இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டோம். மீனாட்சி கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் காலையில் அளவு கொடுத்துவிட்டு, கோயிலைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் துணியை வாங்கிக்கொண்டு போவார்கள். கப்பல் உடுப்பு பற்றி முதலில் அவர்கள் வாயால்தான் கேட்டேன். அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் மகள் கூட்டிப்போய், நானும் ஏறிப் பார்த்தாயிற்று. அந்த முறையில் சொல்கிறேன்: இதற்கென்று புதிதாக எதையும் தைக்காதீர்கள். (என் வீட்டில் இதைப் படித்தால் எனக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.) நம்மூரில் நெருங்கிய சொந்தத்தின் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவீர்களோ, அது உலகத்தின் எந்தக் கப்பலுக்கும் போதும். அதைக் கொஞ்சம் திருத்தி, சரியாக மடித்து, சரியான நாளில் எடுத்துப் போடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, உங்கள் கப்பல் எந்த ரகம் என்று பார்ப்பது. எல்லாக் கப்பல் கம்பெனிகளும் இதற்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில்லை. சிலவற்றில் 'ஃபார்மல்', கார்னிவலில் 'க்ரூஸ் எலிகன்ட்', செலிபிரிட்டியில் 'சிக்', ஹாலந்து அமெரிக்காவில் 'ட்ரெஸ்ஸி'. பெயர் எதுவானாலும் ஆண்களுக்கு முழுக்கைச் சட்டை, டார்க் பேண்ட், ஷூ இருந்தால் இவற்றில் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடுவார்கள். மேலே ஒரு கோட் இருந்தால் கூடுதல் அழகு. நார்வீஜியன் கப்பல்களில் கட்டாயமே கிடையாது. விரும்பினால் உடுத்து, இல்லாவிட்டால் விடு என்பது அவர்கள் கொள்கை. சென்னையிலிருந்து 2022இல் புறப்பட ஆரம்பித்த கோர்டிலியா கம்பெனிக் கப்பலுக்கும், நம்மவர்கள் சிங்கப்பூரிலிருந்து ஏறும் கப்பல்களுக்கும் கோட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

கண்டிப்பு என்றால் கியூனார்ட் கம்பெனிதான். சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஏழு இரவு போகும் குயின் மேரி 2 அவர்களுடையது. அங்கே அதற்கு 'காலா ஈவ்னிங்' என்று பெயர். மாலை ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்குக் கறுப்பு டின்னர் ஜாக்கெட்டோ டார்க் கலர் சூட்டோ வேண்டும், கழுத்தில் நீள டை அல்லது போ டை வேண்டும். ஒரு நாள் கறுப்பு வெள்ளை, இன்னொரு நாள் முகமூடி என்று தலைப்பும் வைப்பார்கள். முகமூடி கட்டாயமில்லை, சூட் கட்டாயம்.

அடுத்தது இரவுகளை எண்ணுவது. மூன்று நான்கு இரவுப் பயணத்தில் ஒரு ஃபார்மல் இரவு, ஏழு இரவில் இரண்டு, இதுதான் பொதுவான நடைமுறை. ஏறிய முதல் நாள் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் பலருக்குப் பெட்டியே அறைக்கு வந்திருக்காது. கடைசி நாளும் இருக்காது, பெட்டியைக் கட்டிவிட்டிருப்பார்கள். கரை தொடாமல் கடலிலேயே ஓடும் நாளில்தான் வைப்பார்கள், ஆற அமரக் குளித்து உடுத்த நேரம் கிடைக்கும் என்று. ஆக, ஏழு நாள் பயணத்துக்கு நல்ல துணி இரண்டு செட் போதும். ஒரே கோட்டை இரண்டு நாளும் போட்டு, சட்டையையும் டையையும் மாற்றினால் ஒன்றேகூடப் போதும். ஆறு கோட் எடுத்துப் போனவரை எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் எடை அதிகமென்று கட்டிய பணத்தில் இன்னொரு கோட் தைத்திருக்கலாம்.

சரி, கோட்டுக்கு வருவோம். நம் ஆண்களில் பலரிடம் இருப்பது ஒரே கோட், சொந்தக் கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்தது. வயிறு அதற்குப் பிறகு வளர்ந்திருக்கும். பயப்பட வேண்டாம். டெய்லர் தைத்த கோட்டென்றால் பக்கத் தையலிலும் முதுகின் நடுத் தையலிலும் உள்ளே துணி விட்டிருப்பார். பிரித்தால் சுற்றளவில் ஒன்று ஒன்றரை அங்குலமாவது கிடைக்கும். பேண்ட்டுக்குப் பின்பக்க இடுப்புத் தையலில் கிடைக்கும். ரெடிமேட் கோட்டில் அந்தத் தாராளம் கிடையாது. பிரித்த இடத்தில் பழைய தையல் தடம் தெரியும். கறுப்பிலும் நேவி ப்ளூவிலும் இஸ்திரி போட்டால் மறைந்துவிடும், சந்தனக் கலரில் பல்லை இளிக்கும். கை நீளம் ஏற்றி இறக்குவது சுலபம். ஆனால் தோள் பிடிக்கிறது என்றால் அந்தக் கோட்டைத் தம்பி மகனுக்குக் கொடுத்துவிடுங்கள். தோளைத் திருத்துகிற கூலியில் புதிதே வாங்கிவிடலாம், திருத்தினாலும் உட்காராது.

கடைக்கு வந்தால் எல்லாரும் கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்தி ட்ரையல் பார்க்கிறார்கள். நான் ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்வேன். கோட் போட்டுக்கொண்டு நீங்கள் செய்யப்போகும் ஒரே வேலை சாப்பிடுவது. உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, தட்டில் இருப்பதை எடுப்பதுபோல் பாருங்கள். முதுகு இழுத்தால் அப்போதே தெரிந்துவிடும். உட்காரும்போது பொத்தான்களைக் கழற்றிவிடலாம், முறையே அதுதான். எழுந்து நடக்கும்போது மேல் பொத்தானைப் போட்டால் போதும். இரண்டு பொத்தான் கோட்டில் கீழ்ப் பொத்தானை எப்போதும் போடுவதில்லை. கப்பலில் மூன்று வேளையும் தின்னக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால், பேண்ட் இடுப்பில் அரை அங்குலம் நானே கேட்காமல் விட்டுவிடுவேன். டை கழுத்தை நெரிக்கிறது என்பவர்களுக்கு மூடிய கழுத்து ஜோத்பூரி கோட் நல்ல வழி. ஃபோட்டோவிலும் எடுப்பாக இருக்கும்.

வேட்டி கட்டலாமா? இதைக் கேட்காத ஆளே இல்லை. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் சட்டமன்றம் அதற்கென்றே சட்டம் போட்டது, வேட்டியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாதென்று. அந்தச் சட்டம் நடுக்கடல் வரை வராது. ஆனாலும் வழி இருக்கிறது. இவ்வளவு கண்டிப்பான கியூனார்ட்கூடத் தன் விதியிலேயே ஒரு நாட்டின் பாரம்பரிய ஃபார்மல் உடையை ஏற்றுக்கொள்கிறது. பட்டு வேட்டி, முழுக்கைப் பட்டுச் சட்டை, தோளில் மடித்த அங்கவஸ்திரம், இது அந்தக் கணக்கில் வரும். முன்கூட்டியே டிராவல்ஸ் மூலம் கேட்டு, கம்பெனி அனுப்பும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டால் வாசலில் நின்று விளக்க வேண்டியதில்லை. நம் மேலமாசி வீதியில்தான் 1921 செப்டம்பரில் காந்தி சட்டையைத் துறந்து அரை வேட்டிக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து அதே உடுப்போடு ராஜ்புதானா என்ற கப்பலேறி லண்டன் போய், பக்கிங்ஹாம் அரண்மனையில் ராஜாவையும் பார்த்து வந்தார். அவருக்கு விட்டார்கள் என்பதற்காக நீங்கள் மேல்சட்டை இல்லாமல் டைனிங் ஹாலுக்குப் போய்விடாதீர்கள்.

வேட்டியில் சிக்கல் காற்றும் படிக்கட்டும்தான். மேல்தளத்தில் கடல் காற்று வேட்டியைக் குடையாக்கிவிடும். வெல்க்ரோ வைத்து, பாக்கெட் தைத்த வேட்டி கிடைக்கிறதே, அதை வாங்குங்கள். பாக்கெட் ஏன் என்றால், அறைச் சாவியும் கப்பலுக்குள் செலவுக் கணக்கும் ஒரே அட்டையில்தான் இருக்கும். மடியில் சொருகி வைத்தால் எங்காவது விழுந்துவிடும். காலில் ரப்பர் செருப்பு கூடாது. கட் ஷூ அல்லது பின்வார் வைத்த தோல் செருப்பு போடலாம். கைலி அறைக்கு உள்ளே மட்டும். அதேபோல நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு காலை டிபனுக்கு வருவது நம் வீட்டோடு நிற்கட்டும்.

பெண்களுக்கு எந்தக் கப்பலிலும் சேலையைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. வெள்ளைக்காரிகள் நின்று பார்த்துவிட்டு, கூட ஃபோட்டோ எடுக்கலாமா என்று கேட்பார்கள். ஆனால் முகூர்த்தப் பட்டு வேண்டாம். கனம், ஒரு சொட்டு சாஸ் பட்டால் போச்சு. சாஃப்ட் சில்க் அல்லது சில்க் காட்டன் எடுங்கள். ஸ்மார்ட் கேஷுவல், அதாவது நேர்த்தியான சாதாரண உடை என்று போட்டிருக்கும் மற்ற இரவுகளுக்கு நம் சுங்குடியைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய நல்ல சுங்குடி, இருட்டான அரக்கிலோ மயில் நீலத்திலோ, டைனிங் ஹால் விளக்கில் தனியாகத் தெரியும். கஞ்சி மட்டும் போடாதீர்கள்.

ஏனென்றால் கப்பல் அறையில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை. தீ பயம். பெட்டியில் கொண்டுபோனால் சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். சில கப்பல்களில் பயணிகளுக்கென்று துணி துவைக்கும் அறையும் அங்கேயே இஸ்திரியும் உண்டு, மற்றவற்றில் காசு கொடுத்துப் போட்டு வாங்க வேண்டும். இதற்கு இப்போது நம்மூர் பியூட்டி பார்லர்களே வழி வைத்திருக்கின்றன. சேலையைக் கொசுவம், முந்தி எல்லாம் மடிப்பெடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி, பெட்டி மடிப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். கப்பலில் எடுத்து இடுப்பில் சொருகினால் முடிந்தது. கோட்டை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, தோளுக்குள் தோளை நுழைத்து, இடையில் பாலிதீன் கவர் வைத்து மடியுங்கள். போனதும் ஹேங்கரில் மாட்டி, குளிக்கும்போது அந்த அறையிலேயே தொங்கவிட்டால் ஆவியில் சுருக்கம் பாதி போய்விடும்.

சேலைக்காரர்களுக்கு நான் ஒரு சின்ன வேலை செய்து கொடுப்பதுண்டு. உள்பாவாடையின் வலது பக்கத்தில், கை எட்டும் இடத்தில், ஜிப் வைத்த ஒரு பாக்கெட். அட்டையும் செல்போனும் அதில் போய்விடும், டைனிங் ஹாலில் ஹேண்ட்பேக்கைக் காவல் காக்க வேண்டாம். ஏ.சி. குளிர் ஆளைக் கொல்லும், ஒரு சால்வை அவசியம். நகைக்குக் கவரிங் போதும், தங்கம் லாக்கரிலேயே இருக்கட்டும். மல்லிகைப் பூவைப் பல நாடுகளில் கரைக்குள் விடமாட்டார்கள், எப்படியும் மறுநாளே வாடிவிடும். குதிகால் உயர்ந்த செருப்பு, கப்பல் ஆடும்போது படியில் பாடுபடுத்தும்.

இதெல்லாம் வேண்டாம், எனக்கு உடுத்தவே பிடிக்காது என்றாலும் குற்றமில்லை. ஃபார்மல் இரவிலும் பஃபே ஹால் திறந்திருக்கும், சாதாரணச் சட்டையில் போய்ச் சாப்பிடலாம். குழந்தைகள் அழும் குடும்பத்துக்கு அதுதான் நிம்மதி. அன்று ஃபோட்டோகிராபர்கள் திரை கட்டி நிற்பார்கள். நின்று எடுத்துக்கொள்ளுங்கள், பிரிண்ட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை, விலை அதிகம்.

கரையில் இறங்கும் ஊர்களுக்கும் சட்டம் உண்டு. பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் பக்கம் போனால் மிலிட்டரி டிசைன் போட்ட பேண்ட், தொப்பி, பை எதுவும் கூடாது, குழந்தைக்குக்கூட. ரோமில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

ஏறும் நாளில் பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வரச் சாயங்காலம் ஆகலாம். மருந்து மாத்திரையோடு அன்றைய இரவுக்கான ஒரு செட் துணியும் கைப்பையில் இருக்கட்டும். இறங்குவதற்கு முந்தின இரவு பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்துவிட வேண்டும், விடிவதற்குள் எடுத்துப்போய்விடுவார்கள். அதற்கு முன் மறுநாள் போட வேண்டிய சட்டை, பேண்ட், உள்ளாடை, செருப்பு எல்லாவற்றையும் கட்டில்மேல் எடுத்து வையுங்கள். எங்கள் கப்பலில் ஒரு மனிதர் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டு, அரை டிராயரோடும் முந்தின இரவு போட்ட டின்னர் கோட்டோடும் இமிக்ரேஷன் வரிசையில் நின்றார்.