கூராக இருந்தால் எல்லாம் ஊசி ஆகிவிடாது: எலும்புக் கருவி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லி எலும்பைத் தட்டி உடைத்தவர்களுக்குத் தெரியும், அது நேராக உடையாது. திருகலாகப் பிளந்து, ஒரு பக்கம் கத்தி மாதிரி கூராக நிற்கும். அதே துண்டு பல்லாயிரம் வருடம் மண்ணில் கிடந்து வெளியே வந்தால், ‘ஆதிமனிதனின் குத்தூசி’ என்று எழுதக் கை பரபரக்கும். முதல் தவறு அதுதான்.

பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மகபான்ஸ்காட் குகையில் கிடைத்த எலும்புக் குவியலைப் பார்த்து, எலும்பும் பல்லும் கொம்புமே ஆயுதங்களாக இருந்த ஒரு பண்பாடு அது என்றார் தொல்மானிடவியலாளர் ரேமண்ட் டார்ட். இது 1950களில். முன்னங்கால் மேலெலும்பின் கீழ்முனைகள் அங்கே ஏராளம். அவற்றை அடிக்கும் தடிகள் என்று எடுத்துக்கொண்டார். பிறகு சி.கே. பிரெய்ன் என்ற ஆய்வாளர் நமீபியாவின் குய்செப் ஆற்றங்கரை ஊர்களில், மனிதரும் நாய்களும் தின்று போட்ட ஆட்டெலும்புகளைப் பொறுக்கி எண்ணினார். அங்கேயும் கீழ்முனைகள்தான் மிஞ்சிக் கிடந்தன. கீழ்முனை கெட்டி, மேல்முனை மெத்து. நாய் எதைக் கடித்துத் தீர்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் கருவி என்று சொல்லுமுன் கழுதைப்புலி, முள்ளம்பன்றி, கால்நடையின் மிதி, ஆற்று மணல் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்துவிட வேண்டும். அதற்காகக் கரடுமுரடாக இருப்பதை எல்லாம் ஒதுக்கவும் கூடாது. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கிலிருந்து 2025இல் அறிவிக்கப்பட்ட 27 கருவிகள், 15 லட்சம் வருடத்துக்கு முன் யானை, நீர்யானை போன்றவற்றின் எலும்பைக் கல்லைச் செதுக்குவதுபோலச் செதுக்கியவை.

அடுத்தது, வடிவத்தைப் பார்த்து வேலையைச் சொல்வது. தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையின் எலும்பு முனைகள் கிழங்கு தோண்டியவை என்றே முதலில் கருதினார்கள். 2001இல் ஆய்வாளர்கள் லூசிண்டா பேக்வெல்லும் பிரான்செஸ்கோ டெரிகோவும் புது எலும்புகளால் தோண்டிப் பார்த்து, தேய்மானத்தை ஒப்பிட்டார்கள். பொருந்தியது கரையான் புற்று! கீழடி அறிக்கையில் எலும்பு முனைகள் நெசவோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. நூல் உரசிய தடம்தான் அதை உறுதியாக்கும், கூர்மை அல்ல.

செய்த தடத்தையும் பயன்படுத்திய தடத்தையும் குழப்பிக்கொள்வது இன்னொன்று. கல்லால் சுரண்டிய எலும்பில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். குறுக்கே சின்ன அலைபோல மேடுபள்ளம் தெரியும். மணற்கல்லில் தேய்த்திருந்தால் நெருக்கமான, ஒரே திசைக் கீறல்கள். இதெல்லாம் செய்தவன் கைவேலை. அதே முனையைத் திருகித் திருகித் தோலைத் துளைத்திருந்தால், நுனியைச் சுற்றி மெல்லிய கீறல்கள் விழும். பழைய கோடுகளின் விளிம்பு மழுங்கும். நுண்ணோக்கியில் எது எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. தலை முதல் வால் வரை ஒரே மாதிரி பளபளத்தால் எனக்கு நம்பிக்கை வராது. அது மண் உரசியதாகவும் இருக்கலாம், அருங்காட்சியகத்தில் பூசிய வார்னிஷாகவும் இருக்கலாம்.

சோதனை செய்பவர்களும் கவனிக்க வேண்டும்: காய்ந்து போன எலும்பு பச்சை எலும்பு மாதிரி உடையாது, தேயாது. ஐந்து நிமிடம் குத்திப் பார்த்துவிட்டு முடிவு சொல்லவும் முடியாது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது, கிடைத்ததுமே பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்பது. பிரஷ் தன் கீறலைப் போட்டுவிடும்; ஈர எலும்பு வெயிலில் வெடிக்கும். அப்புறம் எந்த நுண்ணோக்கி வைத்து என்ன பயன்?

ஒட்டியிருக்கும் தூசியில்கூடச் சேதி உண்டு. பிரான்சில் இரண்டு இடங்களில் நியாண்டர்தால்கள் என்ற பழைய மனித இனத்தார் தோலைத் தேய்த்து வழவழப்பாக்கப் பயன்படுத்திய விலா எலும்புகள் கிடைத்தன. எந்த விலங்கினுடையவை என்று அறிய எலும்பைத் துளைக்கவில்லை. அவற்றை வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவில் ஒட்டியிருந்த கொலாஜன் புரதமே போதுமானதாக இருந்தது. சுற்றிலும் கிடந்தவை பெரும்பாலும் துருவ மான் எலும்புகள்; கருவிகளோ காட்டெருமை போன்ற பெரிய மாட்டினத்தின் விலாவில் செய்தவை என்று 2020இல் தெரிந்தது. ஆகவே பழைய டப்பாவை மாற்றும்போது, அதையும் கழுவிவிடாதீர்கள்.