பிளாக்ஜாக் டேபிளில் உட்காரும் முன்: என் அக்கா மகனுக்குச் சொல்லிக் கொடுத்தவை

அக்கா மகனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் அடுத்த மாதம் கோவா போகிறார்கள். மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஒரு ராத்திரி பிளாக்ஜாக் ஆட வேண்டுமாம். கேசினோவுக்காகச் சீட்டுப் போடும் டீலரைவிட, 21ஐத் தாண்டாமல், கூடுதல் எண் சேர்த்தால் ஜெயிக்கும் சீட்டாட்டம் அது. ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்து, ஏஸுக்கு 1 அல்லது 11. "சித்தி, சீட்டு எண்ணக் கத்துக் குடு" என்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கடலூரில் பஸ் ஏறி புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்துவிட்டான். சுற்றுலாக் கப்பல்களின் கேசினோவில் ஒன்பது வருடம் டீலராக வேலை பார்த்தவள் நான். அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். முதல் தடவை போகிற வேறு யாருக்காவது உதவும்.

சாப்பாட்டு மேசையில் பச்சைப் போர்வையை விரித்தோம். நேரு வீதியில் வாங்கிய ஆறு சீட்டுக்கட்டு, ஜோக்கரை எடுத்துவிட்டால் 312 சீட்டு. சிப்ஸுக்குப் புளியங்கொட்டை. கேசினோவில் சீட்டை வைத்து இழுக்கிற பெட்டியை ஷூ என்பார்கள். எங்களுக்கு ஒரு ஸ்வீட் டப்பா. சீட்டு எண்ணுவதை, அதாவது விழுந்த சீட்டை மனசுக்குள் கணக்கு வைப்பதை, கடைசியில்தான் எடுத்தேன். கையை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்பதுதான் முதல் பாடம்.

அதற்கும் முன்னால் இரண்டு சின்ன விஷயம். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் கேசினோ கிடையாது. கோவாவில் 21 வயது முடிந்திருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அப்புறம், டேபிளைப் பார்த்து உட்கார வேண்டும். விரிப்பின் மேலேயே பிளாக்ஜாக்குக்கு எவ்வளவு தருவார்கள் என்று அச்சடித்திருக்கும். 3-க்கு 2 என்றால் நூறு ரூபாய்க்கு 150 கிடைக்கும். 6-க்கு 5 என்றால் 120தான். ஏஸும் ஒரு பத்தும் சேர்ந்து பிளாக்ஜாக் வருவது சுமார் 21 கைக்கு ஒரு தடவை. அந்த 30 ரூபாய் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் கைக்கு ஒன்றே கால் ரூபாய்க்கும் மேல் சும்மா போகிறது. நல்ல விதிகள் உள்ள டேபிளில் சரியாக ஆடுபவன் கைக்கு இழப்பதே சராசரியாக ஐம்பது பைசாதான். அதனால் 6-க்கு 5 டேபிளில் உட்காராதே என்று அவனிடம் கண்டிப்பாகவே சொன்னேன்.

இப்போது பணம். டீலர் உன் கையிலிருந்து ரூபாயை வாங்க மாட்டார். நீட்டிக்கொண்டே இருந்தாலும் வாங்க மாட்டார். அது திமிர் இல்லை. நடக்கிற கை முடிந்ததும் நோட்டை விரிப்பின் மேல் வைக்க வேண்டும், பந்தய வட்டத்துக்குள் வைக்கக் கூடாது. டீலர் அதைப் பிரித்துப் பரப்பி, வாய்விட்டு எண்ணி, சிப்ஸை அடுக்கிக் காட்டி உன் பக்கம் தள்ளுவார். எல்லாமே தலைக்கு மேலிருக்கும் கேமராவுக்காக. கேசினோவின் பாதி நாசூக்கு இந்தக் கேமராவிலிருந்து வந்ததுதான். இது புரிந்துவிட்டால் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

சீட்டு கேட்பதும் அப்படித்தான். இன்னொன்று வேண்டுமென்றால் சீட்டுக்குப் பக்கத்தில் விரிப்பை விரலால் தட்டு. போதுமென்றால் உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்துக் குறுக்கே அசை. வாயால் சொல்வது கணக்கில்லை, கை காட்டுவதுதான் கணக்கு. ஒருநாள் ராத்திரி ஒருவருக்கு 13 இருந்தது. அவர் முறை வந்தபோது எதிர்ப்பக்கம் நின்ற மனைவியைப் பார்த்து 'இரு, வரேன்' என்கிற மாதிரி கையை அசைத்தார், டேபிளுக்கு நேர் மேலே. நான் அதைப் 'போதும்' என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போனேன். அடுத்து வந்த சீட்டு 8. அவருக்குப் போயிருந்தால் 21. கத்தித் தீர்த்துவிட்டார். சூப்பர்வைசர் கேமரா அறையைக் கேட்டார். படத்தில் அவர் மனதில் இருந்தது எப்படித் தெரியும்? கை அசைந்ததுதான் தெரிந்தது. 13லேயே நின்றதாகத் தீர்ப்பு. எனக்கு இன்றைக்கும் அந்த மனிதர்மேல் பரிதாபம் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: உன் முறை வரும்போது கை டேபிள் ஓரத்தில் சும்மா கிடக்கட்டும்.

ஷூவிலிருந்து போடும் ஆட்டத்தில் சீட்டுகள் முகம் தெரியக் கிடக்கும். தொடக் கூடாது. நம் ஊர் ரம்மிக் கை சும்மா இருக்காது, சீட்டைக் கண்டதும் எடுத்து விசிறி மாதிரி பிடிக்கப் போகும். அவன் மூன்று தடவை எடுத்தான், மூன்று தடவையும் விரலில் ஒரு தட்டு வைத்தேன். அதே போல, முதல் சீட்டு வெளியே வந்த பிறகு பந்தய வட்டத்திலிருக்கும் சிப்பைத் தொடவே கூடாது. சீட்டைப் பார்த்துவிட்டு ஒரு சிப்பை நைசாக ஏற்றுவது பழைய திருட்டு வித்தை. நீ அடுக்கைச் சரிசெய்யத்தான் தொட்டாய் என்று கேமராவுக்குத் தெரியாது. டபுள் பண்ணும்போதும் (பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்குவது) ஜோடியைப் பிரிக்கும்போதும் (ஒரே மதிப்புள்ள இரண்டு சீட்டை இரண்டு கையாக ஆடுவது) புதிய சிப்பைப் பழையதன் பக்கத்தில் வை, தலைமேல் அடுக்காதே. வெவ்வேறு மதிப்புச் சிப்களை ஒன்றாக வைத்தால் பெரியது அடியில், சின்னது மேலே. கிளாஸை விரிப்பில் வைக்காதே, போனைப் பையிலிருந்தே எடுக்காதே.

நடுவில் போய் உட்கார்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. சில டேபிளில் ஷூ பாதி ஓடும்போது புதியவரைச் சேர்க்க மாட்டார்கள். அங்கே பலகை வைத்திருப்பார்கள். பலகை இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி.

மற்றவர்கள் என்றதும் நான் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. டேபிளின் கடைசி நாற்காலிக்காரர் தேவையில்லாமல் ஒரு சீட்டு வாங்கி, அதனால் டீலருக்கு நல்ல சீட்டு போய்விட்டால் மொத்த டேபிளும் அவரைத் திட்டும். எத்தனையோ பேர் அழுகிற முகத்தோடு எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு என்ன சொல்கிறது? அடுத்த சீட்டு எது என்று யாருக்கும் தெரியாது. அவர் வாங்கியதால் டேபிள் கெட்டுப்போகும் வாய்ப்பும் பிழைக்கும் வாய்ப்பும் ஒன்றுதான். கெட்டது மட்டும் மனதில் நிற்கிறது. அடுத்தவர் ஆட்டத்துக்கு யோசனை சொல்லாதே, அவர் தோற்றாலும் கோபப்படாதே.

டீலர்மேலும் கோபப்படாதே. 16 வரை டீலர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும், 17 வந்தால் நிறுத்த வேண்டும். ஏஸை 11 ஆக எண்ணி வரும் 17இல் மட்டும் விதி இடத்துக்கு இடம் மாறும். அவருடைய விருப்பம் என்று எதுவும் இல்லை. என் முகத்தில் சீட்டை எறிந்தவர்கள் உண்டு. பத்து மணி நேரம் நின்ற காலோடு சிரித்துக்கொண்டே அந்தச் சீட்டைக் குனிந்து பொறுக்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் நிற்பதும் யாரோ ஒருவருடைய அக்கா, தங்கை, பிள்ளை. வணக்கம் சொல்லி உட்கார், நன்றி சொல்லி எழுந்திரு. மனமிருந்தால் எழும்போது ஒரு சிப்பை 'உங்களுக்கு' என்று தள்ளி வை. டேபிளை விட்டுப் போகும் டீலர் இரண்டு கையையும் தட்டி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டுவார், எதையும் மறைக்கவில்லை என்பதற்காக. எனக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. மளிகைக் கடையில் பணம் கொடுத்து முடித்ததும் உள்ளங்கை தானாகத் திரும்புகிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஆட்டக் கணக்குக்கு வந்தோம். எண்ணுவதற்கு முன்னால் அடிப்படை ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1950களில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் மேசைக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இதைக் கணக்குப் போட்டு 1956இல் வெளியிட்டார்கள். டீலர் முன் முகம் தெரியக் கிடக்கும் சீட்டு 2 முதல் 6 வரை என்றால் உன் 13 முதல் 16 வரை நிறுத்திக்கொள். 12 என்றால் 4, 5, 6-க்கு மட்டும் நில். டீலரிடம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் 17 வரும் வரை எடு. 11 வந்தால், டீலரிடம் ஏஸ் இருந்தால் தவிர, டபுள். ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் எப்போதும் பிரி, பத்து ஜோடியைப் பிரிக்கவே பிரிக்காதே. டீலர் முன் முகம் தெரியக் கிடப்பது ஏஸ் என்றால் இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார். அவருடைய மூடிய சீட்டு பத்தாக இருக்கும் என்று வைக்கும் தனிப் பந்தயம் அது. அதற்கு 2 மடங்கு தருவார்கள், அதனால் மூன்றில் ஒரு தடவையாவது பத்து வந்தால்தான் கட்டும். அந்த ஏஸ் போக மீதியுள்ள 311 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 96தான், மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. வேண்டாம் என்று தலையாட்டு.

எண்ணுவது இதற்கு மேலே கட்டுகிற மாடி. 1960களின் தொடக்கத்தில் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் ஐபிஎம் 704 கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, போன சீட்டை வைத்து மீதிச் சீட்டின் நிலையைச் சொல்ல முடியும் என்று காட்டினார். இன்று பெரும்பாலோர் எண்ணும் முறை எளிது. 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் ஒன்று கூட்டு. 7, 8, 9-க்கு ஒன்றும் வேண்டாம். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தால் ஒன்று கழி. சின்னச் சீட்டுகள் நிறையப் போய்விட்டால் மீதியில் பத்தும் ஏஸும் அதிகம். பிளாக்ஜாக் அடிக்கடி வரும், டீலர் 21ஐத் தாண்டி உடைவதும் கூடும். வந்த எண்ணை மீதியிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எட்டு வந்திருக்கிறது, நான்கு கட்டு பாக்கி என்றால் உண்மையான எண் 2. ஒவ்வோர் எண்ணுக்கும் சுமார் அரை சதவீதம் உன் பக்கம் சாய்கிறது. ஒன்றில் கேசினோவும் நீயும் சமம், இரண்டில்தான் உனக்கு லேசான மேல்கை. மூன்றுக்கு மேல் போனால் இன்ஷூரன்ஸ்கூட வாங்கலாம்.

பழகும்போது ஜோடி ஜோடியாகப் பார்க்கச் சொன்னேன். ராஜாவும் நாலும் சேர்ந்து விழுந்தால் இரண்டையும் அடித்துவிடு. ஒரு கட்டை அரை நிமிடத்துக்குள் எண்ணி முடிக்க வேண்டும், முடிவில் பூஜ்யம் வர வேண்டும். முதலில் அவன் உதடு அசைந்தது. அதை நிறுத்தியதும் விரல் அசைந்தது. அதையும் நிறுத்தியதும் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது, விசிலையும் சேர்த்து எண்ணிவிட்டான். கேசினோவில் நூறு ஸ்லாட் மெஷின் ஒரே நேரத்தில் கத்தும். அதனால் டிவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தோம்.

எண்ணுபவரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டான். உதட்டைப் பார்த்து இல்லை, பந்தயத்தைப் பார்த்துத்தான். என் டேபிளில் ஒருவர் மூன்று ராத்திரி வந்தார். மரியாதையான மனிதர், குடிக்க மாட்டார். பத்து டாலரிலேயே ஆடுவார். சின்னச் சீட்டுகள் வரிசையாகக் கொட்டியதும் நூறு டாலர் வைப்பார். ஷூ கலைந்ததும் பத்துக்கு இறங்குவார். வைக்கும் முன் கழிவுச் சீட்டு அடுக்கைக் கடைக்கண்ணால் ஒரு தடவை அளப்பார். மூன்றாம் ராத்திரி சூப்பர்வைசர் அவர் பக்கத்தில் குனிந்து, பிளாக்ஜாக் தவிர வேறு எது வேண்டுமானாலும் ஆடலாம் என்றார். அவர் சிரித்து, எனக்கு நன்றி சொல்லி, சிப்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரைப் போல எழுந்திருக்கத் தெரிய வேண்டும். மனசுக்குள் எண்ணுவது ஏமாற்று இல்லை. ஆனால் கேசினோ தன் இடத்தில் உன்னை ஆட விடாமல் இருக்கலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மட்டும் 1982இல் கேசினோ தானாக அப்படித் தடுக்க முடியாது என்று சொன்னது. போன், கருவி எதையாவது வைத்து எண்ணினால் கதையே வேறு. நெவாடாவில் அது குற்றம். எழுந்திரு என்றால் வாதாடாதே. நேராகக் கேஷ் கவுன்டருக்குப் போ.

இயந்திரம் விடாமல் கலைத்துக்கொண்டே இருக்கும் டேபிளில் எண்ணுவது வீண். போன சீட்டு உடனே திரும்ப உள்ளே போய்விடுகிறது.

அவனுக்கு நான் மறைக்காமல் சொன்ன இன்னொன்று. நன்றாக எண்ணுகிறவருக்கே மொத்தத்தில் ஒரு சதவீதம் போலத்தான் சாதகம். நூறு கை ஆடினால் கணக்குப்படி லாபம் ஒரே ஒரு பந்தயம். அதிர்ஷ்டம் மட்டும் அதே நூறு கையில் பதினோரு பந்தயம் மேலேயும் தள்ளும், கீழேயும் தள்ளும். நிறைந்த டேபிளில் மணிக்கு அறுபது கை ஓடும். அவன் கோவாவில் ஆடப்போகும் ஒரு ராத்திரிக்குள் எண்ணுவதன் பலன் கண்ணிலேயே படாது. எண்ணிப் பிழைப்பவர்கள் மாதக்கணக்கில், தோற்றால் தாங்குகிற பணத்தோடு உட்காருகிறார்கள். இவன் கொண்டுபோவது திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற தொகையாக இருக்கட்டும் என்றேன். சரி என்றான்.

கடைசி பஸ்ஸுக்கு முன் ஆறு கட்டையும் நானே போட்டேன், அவன் எண்ணினான். முழு ஷூவும் தீர்ந்தது. கூட்டல் ஒன்று வந்தது. முகம் வாடிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பப் போடு என்றான், போட்டேன். மறுபடி கூட்டல் ஒன்று. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தான். அப்புறம், "சித்தி, நான் தப்பா எண்ணல. ஒரு பெரிய சீட்டு இல்ல" என்று சொல்லிவிட்டுக் குனிந்தான். போர்வையின் மடிப்புக்குள் ஒரு இஸ்பேட் ராணி கிடந்தது.