வடசென்னைல சொந்த இடத்துல வீடு கட்டப் போறீங்களா? எலிவேஷன் படத்துக்கு முன்னாடி மண்ணையும் தண்ணியையும் பாருங்க

எங்க வீடு தண்டையார்பேட்டைல. அப்பா 1994ல கட்டுனது. 2019ல ஒரு நாள் காலைல அம்மா சமையல்கட்டுல இருந்து ஹாலுக்கு வந்த அடுத்த நிமிஷம் மேல சீலிங்ல இருந்து ஒரு பாளம் அப்படியே பேந்து விழுந்துச்சு. அண்ணாந்து பாத்தா கம்பி எல்லாம் துரு ஏறி ஊதி, தொட்டா பொடி பொடியா உதிருது. 25 வருஷம்தான் ஆச்சு. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுனப்போ அவர் மொதல்ல கேட்டது, "கான்கிரீட்டுக்கு எந்த தண்ணி ஊத்துனீங்க சார்?". வீட்டு போர் தண்ணிதான். உப்பு தண்ணி. அப்பா அன்னைக்கு முழுக்க யாருகிட்டயும் பேசல.

அந்த வீட்ட இடிச்சிட்டு அதே இடத்துல திரும்ப கட்டி 2023 ஆவணில குடி வந்தோம். இப்போ நம்ம ஏரியால யாரு வீடு கட்டணும்னு வந்தாலும் போன்ல இருக்குற எலிவேஷன் படத்தத்தான், அதாவது வீட்டு முன்பக்கத் தோற்றத்தத்தான் மொதல்ல காட்டுறாங்க. அதுல தப்பு இல்ல, வாழ்நாள்ல ஒரு தடவ கட்டுறோம், ஆசை இருக்கும். ஆனா திருவொற்றியூர், ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் கட்டுறவங்களுக்கு காசு எங்க போகணும்னா கண்ணுக்கு தெரியாத எடத்துலதான் போகணும், அத சொல்லத்தான் இத எழுதுறேன்.

மொதல்ல பேப்பர். நம்ம பக்கம் பாதி வீடு தாத்தா பேர்லதான் இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான், பட்டா தாத்தா பேர்ல, வாரிசு சான்று வாங்கி, ரெண்டு அத்தையும் அவங்க பங்க விட்டுக்கொடுத்து விடுதலை பத்திரம் எழுதிக் கொடுத்து, அப்புறம் அப்பா பேருக்கு பட்டா மாத்தி முடிக்கவே அஞ்சு மாசம் ஓடிடுச்சு. பேங்க்ல தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், அப்பா பேர்ல பட்டா இதெல்லாம் கேட்டாங்க. வில்லங்கத்த பத்திரப்பதிவு துறை சைட்லயே பாத்துக்கலாம், பட்டாவும் ஆன்லைன்லயே எடுக்கலாம். கோயில் இடம், வக்ஃபு இடம், குடிசை மாற்று வாரியம் ஒதுக்குன இடமா இருந்தா பிளான் வரையுறதுக்கு முன்னாடியே வக்கீல்கிட்ட கொண்டு போயிடுங்க, இதுல அவசரப்பட்டு மாட்டிக்கிட்டா வருஷக்கணக்குல இழுக்கும். அத்தைங்ககிட்ட கையெழுத்து கேக்குற வேலைய வீட்ட இடிக்குறதுக்கு முன்னாடி முடிங்க. இடிச்சதுக்கு அப்புறம் கேட்டா பேச்சு வேற மாதிரி போகுது, நான் நேர்ல பாத்திருக்கேன்.

பிளான் அப்ரூவல் நாங்க வாங்குனப்போ அலைச்சலா இருந்துச்சு. 2024 ஜூலைல இருந்து சுயசான்று திட்டம் வந்திருக்கு, 2,500 சதுர அடிக்குள்ள இடம், 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரைத்தளம் இல்லன்னா தரையும் முதல் மாடியும் மட்டும்னா ஆன்லைன்ல போட்டு உடனே அனுமதி எடுத்துக்கலாம். நம்ம பக்கம் அர கிரவுண்டு, முக்கா கிரவுண்டுதான் ஜாஸ்தி (ஒரு கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி), அதனால பெரும்பாலும் இதுக்குள்ள வந்துடும். ஆனா சுயசான்றுன்னா பிளான்ல இருக்குற மாதிரியே கட்டுறேன்னு நீங்க உறுதி கொடுக்குறீங்க. பக்கத்துல காலி விடாம ரெண்டு அடி இழுத்துக்கலாம்னு மேஸ்திரி சொல்வாரு, மாட்டுனா பதில் சொல்ல வேண்டியது நீங்கதான்.

லோன் விஷயம். வீடு வாங்குற லோன் மாதிரி மொத்தமா கைக்கு வராது, வேலை முடிய முடிய கட்டம் கட்டமாதான் விடுவாங்க, அதுவும் உங்க பங்க மொதல்ல போடச் சொல்வாங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்கும் லோன்னா மதிப்புல 90 சதவீதம் வரைக்கும் கொடுக்கலாம், 30ல இருந்து 75 லட்சம்னா 80 சதவீதம்தான். அதாவது எஸ்டிமேட் 40 லட்சம்னா 32 லட்சம் பேங்க், 8 லட்சம் உங்க கைல ரெடியா இருக்கணும். இஎம்ஐ கணக்கு மனசுல வெச்சுக்க ஈஸி, 8.5 சதவீதம், 20 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு 868 ரூபா. 32 லட்சத்துக்கு கிட்டத்தட்ட 27,800. எல்லாரும் இத மட்டும் பாக்குறாங்க. வீடு கட்டி முடியுற வரைக்கும் வெளிய வாடகை வீட்ல இருக்கணும், அதே நேரம் ரிலீஸ் ஆன காசுக்கு வட்டியும் கட்டணும், 10 லட்சம் ரிலீஸ் ஆயிருந்தா மாசம் 7,000 ரூபாக்கு மேல வட்டி மட்டுமே. எட்டு மாசம்னு சொன்ன வேலை எங்களுக்கு பதிமூணு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசம்தான் எங்க வீட்டு நகைய அடகுக்கு அனுப்புச்சு. அதனால காண்ட்ராக்டர் சொல்ற மாசத்தோட கூட ஒரு ஆறு மாசம் வாடகையும் வட்டியும் தனியா எடுத்து வெச்சிட்டு கடக்கால் தோண்டுங்க. வருமான வரில பழைய முறைல இருக்கறவங்களுக்கு குடியிருக்குற வீட்டு லோன் வட்டில 2 லட்சம் வரைக்கும் கழிவு உண்டு, புது முறைல கிடையாது, அதையும் ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க.

இப்போ மண்ணு. நம்ம ஊர்ல ஒரு தெருவுல கடல் மணல் இருக்கும், ரெண்டு தெரு தள்ளி களிமண்ணு இருக்கும், இன்னொரு எடம் ஒரு காலத்துல குளமா இருந்து குப்பையும் ரப்பீஷும் கொட்டி மூடுனதா இருக்கும். கொடுங்கையூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் வயசானவங்கள கேளுங்க, இங்க என்ன இருந்துச்சுன்னு சொல்வாங்க. கேட்டுட்டு அதோட நிறுத்தாதீங்க, போர் போட்டு மண் பரிசோதனை எடுங்க. "பக்கத்து வீட்டுக்கு அஞ்சடிதான் போட்டோம், உங்களுக்கும் அது போதும்"னு எங்க மேஸ்திரியும் சொன்னாரு. ரிப்போர்ட்ல மேல இருந்த ஏழு அடி கொட்டுன மண்ணுன்னு வந்துச்சு. மொத்த செலவுல அந்த டெஸ்ட்டு ஒரு கதவு காசு கூட வராது. அந்த ரிப்போர்ட்ட வெச்சிதான் தூணுக்கு தூண் தனித்தனியா போடுற புட்டிங் போதுமா, வீடு முழுக்க ஒரே சிலாப்பா போடுற ராஃப்ட்டா, ஆழமா எறக்குற பைலான்னு இன்ஜினியர் முடிவு பண்ணணும். அந்த இன்ஜினியர் காண்ட்ராக்டரோட ஆளா இருக்கக் கூடாது, நீங்க தனியா பீஸ் கொடுத்து வெக்குற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரா இருக்கணும். இந்த ஒரு விஷயத்துல நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்து பேச மாட்டேன்.

அடுத்து எங்க சீலிங்க சாச்ச விஷயம், உப்பு. தண்ணில இருக்குற குளோரைடு கான்கிரீட்டுக்குள்ள கம்பிய துரு பிடிக்க வெக்கும், துரு பிடிச்ச கம்பி ஊதும், ஊதுனா கான்கிரீட்ட பொளந்துட்டு வெளிய வரும். ஐஎஸ் 456ன்னு ஒரு இந்திய ஸ்டாண்டர்டு இருக்கு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊத்துற தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம தாண்டக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஒரு பாட்டில்ல உங்க போர் தண்ணிய பிடிச்சு லேப்ல கொடுங்க. தாண்டுச்சுன்னா யோசிக்கவே வேணாம், லாரி தண்ணிதான். கலக்குறதுக்கு லாரி தண்ணி வாங்கிட்டு நனைக்குறதுக்கு போர் மோட்டார போட்டு விடுவாங்க, அதையும் நிறுத்துங்க.

தண்ணி மட்டும் போதாது, காத்துலயும் உப்பு வருது. அதே ஸ்டாண்டர்டுல கடலோர சூழலுக்கு கம்பி கான்கிரீட் குறைஞ்சது எம்30 இருக்கணும் (எம்ங்கறது கான்கிரீட்டோட வலிமை தரம், நம்பர் கூடுனா வலிமை கூடும்), கம்பிய வெளிய மூடியிருக்குற கான்கிரீட், அதாவது கவர், 45 எம்எம் இருக்கணும்னு இருக்கு. நம்ம சைட்ல வழக்கமா நடக்குறது என்ன, சிமெண்ட் ஒண்ணு, மணல் ஒண்ணரை, ஜல்லி மூணுன்னு சட்டில அளந்து கொட்டுற கலவ. அது எம்20. அந்த மாதிரி கைக்கணக்குல எம்20க்கு மேல போக ஸ்டாண்டர்டே ஒத்துக்காது, அதுக்கு மேலன்னா எது எவ்ளோன்னு கணக்கு போட்டு மிக்ஸ் டிசைன் பண்ணணும், இல்ல கலந்தே லாரில வர்ற ரெடிமிக்ஸ் வாங்கணும். நம்ம சந்துக்குள்ள ரெடிமிக்ஸ் லாரி வராது, நாங்க மெயின் ரோட்ல நிறுத்தி பைப் போட்டு பம்ப் பண்ணோம், தெருக்காரங்ககிட்ட மொத நாளே சொல்லி வண்டியெல்லாம் எடுக்க வெச்சோம். கவர் விஷயத்த டிசைன் போடும்போதே சொல்லிடணும், சிலாப் தடிமன் அதுக்கு ஏத்த மாதிரி வரணும், கம்பி கட்டி முடிச்ச பிறகு சைட்ல போய் கவர் ஏத்துங்கன்னா நடக்காது. கம்பிக்கு அடில இடைவெளிக்கு வெக்குற கவர் பிளாக் கடைல வாங்குங்க, ஒடஞ்ச டைல்ஸ், ஜல்லிய கம்பிக்கு அடில சொருகுறத விடாதீங்க. கடல்ல இருந்து தள்ளி பெரம்பூர், கொளத்தூர் பக்கம்னா இன்ஜினியர் இவ்ளோ கேக்காம போகலாம், அவர்கிட்ட சூழல் எந்த வகைன்னு எழுதி வாங்கிக்கோங்க.

மட்டம். 2015 வெள்ளத்துலயும் பட்டோம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் பட்டோம். ரோடு போடப் போட உயருது, வீடு பள்ளமாகுது, இது நம்ம தெரு எல்லாத்துலயும் இருக்குற கதை. நாங்க ரோட்ல இருந்து மூணரை அடி ஏத்துனோம், வாசல்ல அம்மாவுக்காக சரிவு வெச்சோம், சம்ப் (தரைக்கு அடில இருக்குற தண்ணித் தொட்டி) மூடி விளிம்ப ஒன்றரை அடி தூக்குனோம், மீட்டர் போர்டு நெஞ்சு உயரத்துக்கு. மிக்ஜாம்ல வாசல் வழியா ஒரு சொட்டு வரல. ஆனா டிரெயினேஜ் லைன் எதுத்துக்கிட்டு கீழ் பாத்ரூம் வழியா சாக்கடை வந்துடுச்சு, புது வீடு, நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு. வெளிய போற லைன்ல தண்ணி திரும்பி வராம தடுக்குற ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு வெக்காததுதான் காரணம், சின்ன செலவு. நீங்க இப்பவே பிளம்பிங் டிராயிங்ல எழுதிடுங்க.

டிசைன்ல நான் சொல்றது கொஞ்சம்தான். நம்ம மனை எல்லாம் ஒல்லியா நீளமா இருக்கும், ரெண்டு பக்கமும் சுவர ஒட்டி வீடு, நடு ரூம் பகல்லயே லைட்டு போட்டு கெடக்கும். பழைய வீட்ல முற்றம் இருந்துச்சுல்ல, அத ஒரு நாலுக்கு அஞ்சடியாவது விடுங்க, மத்தியானத்துக்கு மேல கடல் காத்து உள்ள வந்து மேல ஏறிப் போகும். மாடிப்படிய வெளிய வெச்சா பின்னாடி மேல் மாடிய வாடகைக்கு விடலாம், லோனுக்கு அது பெரிய தெம்பு. பாத்ரூம் மேலயும் கீழயும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா வரணும். வயசானவங்க ரூம் கீழ.

காண்ட்ராக்டர். நாங்க மூணு கொட்டேஷன் வாங்குனோம், சதுர அடி 2,150, 2,400, 2,750. 2,150ல சம்ப் இல்ல, காம்பவுண்டு இல்ல, படிக்கு மேல வர்ற ஹெட்ரூம் தனி, ஈபி வேலை தனி, பேஸ்மென்ட் (ரோட்டு மட்டத்துல இருந்து தரை வரைக்கும் ஏத்துற அடிக்கட்டு) ரெண்டு அடிக்கு மேலன்னா தனி. எல்லாத்தையும் கூட்டுனா நடுவுல இருந்தவரத் தாண்டிடுச்சு. அதனால ரேட்ட கேக்காதீங்க, ஒரே லிஸ்ட்ட மூணு பேருக்கும் கொடுத்து மொத்த தொகைய கேளுங்க, சிமெண்ட், கம்பி பிராண்டு, டைல்ஸ் அடி விலை, கதவு மரம் வரைக்கும் எழுதுங்க. ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னும் எழுதுங்க, பொருளோட சேத்து காண்ட்ராக்ட்னா 18 சதவீதம் வரும், தனி வீட்டுக்கு வெறும் லேபர் காண்ட்ராக்ட்னா வரி விலக்கு இருக்கு. நம்ம இடத்துல நமக்கு கட்டிக் கொடுக்குற காண்ட்ராக்டர் மேல ரெராவுக்கு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) போயிடலாம்னு நெறைய பேரு நினைக்கிறாங்க, அது விக்குறதுக்காக கட்டுற புராஜெக்டுக்கு, அதுலயும் 500 சதுர மீட்டர் வரைக்குமான மனைக்கு பதிவே தேவையில்ல. உங்களுக்கு மொதல் பிடிமானம் நீங்க கையெழுத்து போட்ட அக்ரிமெண்ட்தான்.

பணம் நாங்க கொடுத்த விதம்: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மென்ட் முடிஞ்சதும் 15, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல வர்ற மட்டம்) 15, கீழ் சிலாப் 20, மேல் சிலாப் 15, பூச்சு 10, டைல்ஸ் பெயின்ட் 10, குடி வந்து மூணு மாசம் கழிச்சு 5. எங்ககிட்டயும் மொதல்ல 30 கேட்டாங்க. வேலைக்கு முன்னாடி பணம் ஓடுனா வேலை நிக்கும், பேங்க் ரிலீஸும் வேலைய பாத்துதான் வரும், ரெண்டும் ஒரே கட்டத்துல இருக்குற மாதிரி எழுதிக்கோங்க.

சைட்ல தினமும் ஒருத்தர் இருக்கணும், எங்களுக்கு அப்பா இருந்தாரு. கம்பி வந்து எறங்குனா ஒண்ண எடை போடுங்க, 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளம்னா 10.7 கிலோ கிட்ட இருக்கணும். சிலாப் போட்டா பாத்தி கட்டி தண்ணி நிறுத்துங்க, ஏழு நாளு குறைஞ்சபட்சம், பிபிசி மாதிரி கலப்பு சிமெண்ட்னா பத்து நாளாவது, எங்கப்பா பதினாலு நாளு விடல. முட்டுக்கட்டய அடுத்த சைட்டுக்கு வேணும்னு சீக்கிரம் பிரிக்க வருவாங்க, இன்ஜினியர் போன்ல சரின்னு சொல்ற வரைக்கும் கை வெக்க விடாதீங்க. பூச்சுக்கு முன்னாடி ஒயரிங் பைப், தண்ணி பைப் போன சுவர் எல்லாத்தையும் டேப் வெச்சு போட்டோ எடுத்துடுங்க, பின்னாடி ஆணி அடிக்கும்போது அதுதான் காப்பாத்தும்.

கடைசியா, குடி வந்த கையோட ஈபில தற்காலிக கனெக்‌ஷன வீட்டு கனெக்‌ஷனா மாத்த எழுதிக் கொடுங்க, அது வரைக்கும் யூனிட் ரேட் ஜாஸ்தி. மாநகராட்சில சொத்து வரி புது அளவுக்கு போட்டு ரசீது வாங்கி, மண் ரிப்போர்ட், தண்ணி ரிப்போர்ட், கம்பி டிராயிங், அக்ரிமெண்ட் எல்லாத்தோடயும் ஒரே ஃபைல்ல வைங்க. எங்க வீட்ல அந்த ஃபைல் அப்பா பீரோல, பத்திரத்துக்கு பக்கத்துல இருக்கு.