ரெப்போ அறிவிப்பும் நீலகிரிக் குடும்பத்தின் கடன்களும்: வாசிக்கும் முறை

கோத்தகிரியிலோ குந்தாவிலோ ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்திற்கு, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் வீட்டுக்கடன், எங்காவது ஒரு நகைக்கடன், பெண்கள் பெயரில் ஒரு குழுக்கடன் என நான்கு வகைக் கடன்களும் ஒரே சமயத்தில் இருப்பது அரிதன்று. இந்திய ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனின் வட்டியான ரெப்போவைக் குறைத்துவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடும் நாளில் இந்த நான்கின் வட்டியும் இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், அந்த அறிவிப்பால் நேரடியாக அசையக்கூடியது பெரும்பாலும் வீட்டுக்கடன் ஒன்றுதான். ஆகவே அறிவிப்பை வாசிக்கும் முன் கடன் பத்திரங்களை எடுத்து, எது எதனோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

பயிர்க்கடனை உரிய நாளில் கட்டிவிடுவோருக்குத் தமிழக அரசு வட்டியை ஏற்றுக்கொள்வதால், அங்கே ரெப்போவுக்கு இடமில்லை. தவணை நாள் தவறாமல் இருப்பதே முக்கியம். நகைக்கடனின் வட்டி பொதுவாக வைத்த நாளில் நிர்ணயிக்கப்பட்டு, மறு அடகின்போதுதான் மாறும். குழுக்கடனும் பெரும்பாலும் நிலையான வட்டிக்கே தரப்படுகிறது. அதில் கவனிக்க வேண்டிய விதி வேறு: இத்தகைய நுண்கடன் (ஈடின்றித் தரப்படும் சிறு கடன்) வாங்கும் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணைகள் சேர்ந்து, அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் வரையறுத்துள்ளது. பசுந்தேயிலை விலை இறங்கும் மாதங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்தப் பாதி எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

வீட்டுக்கடனுக்கு வருவோம். வங்கிகள் அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பெறும் பணத்தின் வட்டியே ரெப்போ. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும்; குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மாற்றத்தைக் கடனில் காட்டவும் வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன் பழைய முறையிலேயே தொடர்ந்தால், வெளி அளவுகோலுக்கு மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கேட்கலாம். இந்த விதி வங்கிகளுக்கானது; வீட்டுவசதி நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியவர்களுக்கு அந்நிறுவனமே தன் வட்டியைத் தீர்மானிக்கிறது. வட்டி ஏறும்போது உடனே தெரிவதும், இறங்கும்போது கேட்டால்தான் தெரிவதும் பலரின் அனுபவம் என்பதால், ஒவ்வொரு காலாண்டும் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

குறையும் வட்டியை எப்படிப் பயன்படுத்துவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்கு 8.50 சதவீதத்தில் வாங்கியிருந்தால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 8.25 ஆகக் குறைந்தால் தவணை ஏறத்தாழ 315 ரூபாய் இறங்கும். தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டிவந்தால், 240 மாதக் கடன் 230 மாதத்துக்குள் முடிந்துவிடும். இலை வரத்து ஒரே சீராக இல்லாத குடும்பத்துக்கு மாதம் 315 ரூபாய் பெரிய நிம்மதி தராது என்பதால், காலத்தைக் குறைப்பதே மேல் என்பது என் கருத்து.

இனி அறிவிப்பு. ஆளுநரையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட நிதிக் கொள்கைக் குழு, சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தில், மேலும் கீழும் 2 சதவீத இடைவெளிக்குள், வைத்திருக்கும் இலக்கோடு வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. வட்டி எண்ணை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. குழுவின் நிலைப்பாடு என்ன (இனி வட்டியைக் குறைக்கும் பக்கமா, ஏற்றும் பக்கமா, இரண்டுக்கும் இடம் விடுகிறதா), வரும் காலாண்டுகளுக்கான பணவீக்கக் கணிப்பு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்ற இரண்டும்தான் அடுத்த கூட்டத்தைப் பற்றிச் சொல்பவை. பதினான்காம் நாள் வெளியாகும் கூட்டக் குறிப்பில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதும் இருக்கும்.

கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைவிப்போருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு: மண்டியில் காய்கறி விலை ஏறினால் வட்டியும் ஏறுமா? சில்லறைப் பணவீக்கத்தை அளக்க 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் உணவும் பானங்களும் ஏறத்தாழ 46 சதவீத இடம் பிடித்திருந்தன. தக்காளி முதலான காய்கறிகளால் 2023 ஜூலையில் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. ஆயினும் அடுத்து வந்த கூட்டங்களில் ரெப்போ 6.50இலேயே நின்றது. அடுத்த அறுவடை வந்தால் தானாக இறங்கும் விலையை வட்டியால் இறக்க முடியாது. விலையேற்றம் கூலிக்கும் மற்றப் பொருள்களுக்கும் பரவி நிலைத்துவிடும் என்று தெரியும்போதுதான் குழு வட்டியை ஏற்றுகிறது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4இலிருந்து 6.50க்கு ஏறியது அத்தகைய காலம். 2025இல் அது படிப்படியாக 5.25க்கு இறங்கியது.

வட்டியைத் தொடாமலே கடனை இறுக்கும் கருவிகளும் உண்டு. 2023 நவம்பரில், ஈடில்லாத நுகர்வுக் கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது; அன்று ரெப்போ அசையவில்லை, ஆனால் தனிநபர் கடன் கிடைப்பது கடினமானது. வங்கிகளின் வாராக்கடன் நிலவரத்தை ஜூனிலும் டிசம்பரிலும் வரும் நிதி நிலைத்தன்மை அறிக்கையில் காணலாம்.

கடைசியாகச் சேமிப்பு. வங்கி முடங்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குன்னூர்க் கிளையிலும் ஊட்டிக் கிளையிலும் பிரித்துப் போட்டாலும் ஒரே வங்கியென்றால் ஒரே கணக்குதான். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் வைப்புக்கு இந்தக் காப்பீடு உண்டு. ஊரில் இருக்கும் தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தின் வைப்புக்கு இல்லை. பெயர்ப் பலகையில் இரண்டிலும் கூட்டுறவு என்றே எழுதியிருக்கும் என்பதால், பணம் போடும் முன் எது வங்கி, எது சங்கம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.