பழைய இத்தாலியக் கண்ணாடியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி?

வெனிஸ், ஃப்ளாரன்ஸ் பக்கத்துச் செதுக்குவேலை மரச்சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று ஏலத்துக்கு வந்தால் எல்லோர் கண்ணும் சட்டத்தின் தங்கத்திலேயே நிற்கும். நீங்கள் பின்பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பென்சில், தூக்கிப் பிடிக்க ஒரு ஆள், இவ்வளவுதான் தேவை.

1. மரம்

கண்ணாடியைக் குப்புறப் போடாதீர்கள், பூச்சு உதிரும். நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போங்கள். கையால் செய்த சட்டத்தின் பின்புறம் பெரும்பாலும் கரடுமுரடாக, உளித் தடத்தோடு இருக்கும். யாரும் பார்க்காத இடத்தை எதற்கு இழைக்க வேண்டும்? வில்போல் வளைந்த ரம்பக் கோடுகள் தெரிந்தால் அது வட்ட ரம்பம் அறுத்த மரம். 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ. புழு ஓட்டைகளையும் கவனியுங்கள். புழு வெளியே வந்த இடம் சின்ன வட்டத் துளையாக இருக்கும். வாய்க்கால்போல் நீளவாக்கில் திறந்து கிடந்தால், புழு தின்ற பழைய மரத்தைப் பிறகு யாரோ செதுக்கியிருக்கலாம்.

2. கண்ணாடி

பென்சில் முனையைக் கண்ணாடியில் வைத்து, முனைக்கும் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பழைய கண்ணாடி பொதுவாக மெல்லியது, இடைவெளி குறைவாக இருக்கும். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

"ரசம் போன கண்ணாடி" என்கிறோமே, அந்த ரசம் பாதரசம்தான். வெனிஸ் பக்கத்துத் தீவான முரானோவில் வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசம் ஊற்றித்தான் கண்ணாடிக்குப் பின்பூச்சு செய்தார்கள். 1835இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் வெள்ளிப் பூச்சு முறையைக் கண்டறிந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பாதரச வேலை நடந்தது. பாதரசக் கண்ணாடியில் பிம்பம் சற்றுச் சாம்பல் நிறமாகத் தெரியும், கற்கண்டுத் தூள்போல் மினுக்கும் புள்ளிகள் இருக்கும். அதன் பின்பக்கத்தைச் சுரண்டாதீர்கள், துடைக்காதீர்கள். சட்டத்தின் அடியில் பாதரச மணிகள் தேங்கியிருக்கலாம், அது நச்சு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சட்டம் பழையதாக இருந்தும் கண்ணாடியைப் பிற்காலத்தில் மாற்றியிருப்பது சகஜம்.

3. தங்கம்

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். மரத்தின்மேல் ஜிப்சமும் விலங்குத் தோல் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன்மேல் பெரும்பாலும் சிவப்பான களிமண் பூச்சு, அப்புறம்தான் தங்க ரேக்கு, அதாவது மிக மெல்லிய தங்கத் தகடு. ஒட்டியதும் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

பூதக்கண்ணாடியில் தேடுங்கள்: ஒரு ரேக்கின் விளிம்பு அடுத்த ரேக்கின்மேல் ஏறிய மெல்லிய கோடு. இருந்தால் அது ரேக்கு வேலை. கோடே இல்லாமல் துகள் துகளாக, பழுப்பேறித் தெரிந்தால் பித்தளைத்தூள் பெயின்டாக இருக்கலாம். பழைய தங்கத்தின்மேலேயே பின்னால் வந்தவர்கள் அதைப் பூசிவிடுவதும் உண்டு. கைபட்டுத் தேயும் மேடுகளில் சிவப்பு எட்டிப் பார்ப்பது இயல்பு. பள்ளத்திலும் அதே அளவு தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தேய்ந்த இடம் வெள்ளையாக மின்னினாலோ கறுத்திருந்தாலோ அது 'மெக்கா' முறையாக இருக்கலாம்: வெள்ளி ரேக்கின்மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிப் பொன்னாகக் காட்டுவது. மோசடி இல்லை, இத்தாலியில் பரவலாக இருந்த சிக்கன வழி.

4. தூசி

ஈரத்துணி வேண்டவே வேண்டாம். அடியில் இருப்பது தண்ணீரில் இளகும் பசை. துணியோடு தங்கமும் வந்துவிடும். பூச்சு உறுதியாக இருக்கும் இடத்தில் மட்டும் உலர்ந்த மென்தூரிகையால் மெல்லத் தட்டுங்கள். பொருக்கு எழும்பிய இடத்தைத் தொடாமல் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். உதிர்ந்த துண்டு கிடந்தால் ஒரு உறையில் போட்டு அவரிடம் கொடுங்கள், திரும்ப ஒட்ட முடியும்.