உபுண்டுவில் ஜேடிகே நிறுவுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

உபுண்டுவில் ஜாவா நிரல் எழுதத் தேவையான ஜேடிகே தொகுப்பை நிறுவ ஒரே ஒரு ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) கட்டளை போதும். தொல்லை அதற்குப் பிறகுதான். நாளடைவில் இரண்டு மூன்று ஜாவா சேர்ந்துவிடும். டெர்மினல் ஒன்றை எடுக்கும், ஜாவா புராஜெக்டுகளைக் கட்டமைக்கும் கருவியான மேவன் வேறொன்றை எடுக்கும்.

முதலில் தொகுப்பைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜேஆர்இ என்பது முடிந்த நிரலை ஓட்டுவதற்கு மட்டும். எழுதிய நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரான ‘ஜாவாசி’ அதில் இருக்காது; அது ஜேடிகேயில்தான் உண்டு. ‘ஜாவா -வெர்ஷன்’ பதில் சொல்வதால் எல்லாம் சரி என்று நம்பிவிடாமல் ‘ஜாவாசி -வெர்ஷன்’ கொடுத்தும் பாருங்கள். ‘டிஃபால்ட்-ஜேடிகே’ எந்தப் பதிப்பைத் தரும் என்பது உபுண்டுவைப் பொறுத்தது: 22.04இல் ஜாவா 11, 24.04இல் 21. உங்கள் புராஜெக்டுக்கு ஜாவா 17 தேவைப்பட்டால் ‘ஓபன்ஜேடிகே-17-ஜேடிகே’ என்று எண்ணோடு கேளுங்கள். பெயரில் ‘ஹெட்லெஸ்’ இருந்தால் ஸ்விங் (ஜாவாவின் வரைகலை நூலகம்) ஜன்னல்கள் திறக்காது. சர்வருக்கு அதுவே போதும்.

அதிகம் பேர் சிக்குவது பதிப்பை மாற்றும்போது. ‘அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ கட்டளையில் ஜாவாவை மட்டும் 17க்கு மாற்றிவிட்டு, ஜாவாசியை 21இலேயே விட்டுவிடுவார்கள். இரண்டும் தனித்தனி இணைப்புகள், அதாவது எந்தப் பதிப்பு ஓட வேண்டும் என்று காட்டும் குறுக்குவழிகள். நிரல் பிழையின்றி கம்பைல் ஆகும். ஓட்டினால், கிளாஸ் கோப்பின் (கம்பைல் ஆன கோப்பின்) பதிப்பு 65.0, இந்த ஜாவாவுக்கு 61.0 வரைதான் தெரியும் என்று பிழை வரும். அந்த எண்ணில் 44ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு கிடைத்துவிடும்: 65 என்றால் 21, 61 என்றால் 17. ‘அப்டேட்-ஜாவா-ஆல்டர்நேட்டிவ்ஸ்’ பயன்படுத்தினால் எல்லா இணைப்புகளும் ஒருசேர மாறும்.

ஆனால் மேவன் அந்த இணைப்புகளைவிட ஜாவா இருக்கும் இடத்தைச் சொல்லும் ‘ஜாவா_ஹோம்’ மாறியைத்தான் முதலில் நம்பும். அதை மறந்தால் மாற்றியதெல்லாம் வீண். அதன் மதிப்பு /யுஎஸ்ஆர்/லிப்/ஜேவிஎம் அடியில் உள்ள ஜேடிகே கோப்புறையோடு நிற்க வேண்டும்; கடைசியில் அதன் உள்ளே இருக்கும் ‘பின்’ (bin) கோப்புறையையும் சேர்த்தால் மேவன் ஏற்காது. அந்த மாறியை /இடிசி/என்விரான்மென்ட் கோப்பில் எழுதுகிறீர்களா? அது ஷெல் ஸ்கிரிப்ட் அல்ல. டாலர் குறியிட்ட மாறிகள் அங்கே விரியாது. கட்டளைகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியலான பழைய ‘பாத்’தோடு சேர்ப்பதாக நினைத்து டாலர் குறி போட்டு எழுதினால், மறுமுறை உள்நுழையும்போது கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கூடக் கிடைக்காமல் போகலாம். முழு முகவரியை எழுதி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

ஆப்ட் இல்லாமல் ஜேடிகேயை டார் கோப்பாக (ஒரே கோப்பில் கட்டிய தொகுப்பாக) இறக்கினால் கணினியின் செயலி (சிபியு) வகையைப் பாருங்கள். ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் செயலிக் கருவியில், இன்டெல், ஏஎம்டி செயலிகளுக்கான எக்ஸ்64 கோப்பு ஓடாது. இன்னொன்று: ஆப்ட் வழி வந்த ஜாவா, எந்தத் தளத்தை நம்பலாம் என்று சொல்லும் கணினியின் பொதுச் சான்றிதழ்களைப் பகிரும், டார் கோப்பில் வந்தது பெரும்பாலும் தன் சொந்தப் பட்டியலையே நம்பும். அலுவலக பிராக்சிக்குப் பின்னால் மேவன் எதையும் இறக்காமல் ‘பிகேஐஎக்ஸ்’ என்ற சான்றிதழ்ப் பிழை காட்டினால் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆரக்கிள் ஜாவாவுக்குப் பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியார் தரும் மென்பொருள் களஞ்சியம்) சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள். 2019இல் ஆரக்கிள் உரிமத்தை மாற்றியதோடு அந்த வழி அடைபட்டது.

ஆப்ட் வழி நிறுவிய வேண்டாத ஜேடிகேயை, கோப்புகளை அழிக்கும் ‘ஆர்எம்’ கொண்டு அழிக்காதீர்கள். இணைப்புகள் அந்தரத்தில் தொங்கும், ஆப்ட் அது இன்னும் இருப்பதாகவே கணக்கு வைத்திருக்கும். ‘ஆப்ட் பர்ஜ்’ போதும். ஏற்கெனவே அழித்துவிட்டீர்களானால் முதலில் ‘ஆப்ட் ரீஇன்ஸ்டால்’, பிறகு பர்ஜ்.